கியாந்தியின் வெள்ளைச் சாலைகள்: லெரோய்க்கா தடத்தை மூன்று நாளில் முடிக்க முடியுமா?

#1 · வெண்பாதை

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் இரண்டாம் வாரம் இத்தாலியின் தொஸ்கானாவில், கியாந்தி பகுதியின் வெள்ளைச் சரளைச் சாலைகளில் போகும் லெரோய்க்கா (பழைய சைக்கிள்களுக்கான நிகழ்வு) நிரந்தரத் தடத்தை ஓட்டத் திட்டம். காயோலேயில் தொடங்கி ப்ரோலியோ, சியெனா ஓரம், முர்லோ, மொந்தால்சீனோ, அஷானோ, காஸ்தெல்நுவோவோ பெரார்தெங்கா, ராத்தா வழியாக மறுபடி காயோலே. மொத்தம் 209 கி.மீ. மூன்று நாளாகப் பிரித்தால் நாளுக்கு 70 கி.மீ. தார்ச் சாலையில் இந்தத் தூரம் பழக்கமானதுதான்.

இருவர் வருகிறோம். சைக்கிள் விவரம்: முன்னால் 50/34 பல், பின்னால் 11-32 பல் கேசட் (பின் பல்சக்கரத் தொகுப்பு), 35 மி.மீ. டயர் டியூபுடன், டிஸ்க் பிரேக். உடல் எடை 72 கிலோ, பை 6 கிலோ.

கேள்விகள்: மூன்று நாள் போதுமா? டயரை மாற்ற வேண்டுமா? ஊர்களையும் திராட்சைத் தோட்டங்களையும் நின்று பார்க்க நேரம் கிடைக்குமா?

#2 · பல்சக்கரம்

கிலோமீட்டரை மறந்துவிடுங்கள் சகோ. இந்தத் தடத்தின் கணக்கு ஏற்றத்தில் இருக்கிறது. 209 கி.மீ.க்குள் ஏறத்தாழ 3,700 மீட்டர் ஏறவேண்டும், தூரத்தில் பாதிக்கு மேல் சரளை. நீண்ட மலைப்பாதை எதுவும் கிடையாது. ஒரு கிலோமீட்டர் ஏற்றம், உடனே இறக்கம், ஓடைப் பாலம், மறுபடி ஏற்றம் என்று நாள் முழுக்க இதேதான். இறக்கத்தில் சேர்த்த வேகம் பாலத்துக்கு முன்னால் வரும் வளைவிலேயே போய்விடும், அடுத்த மேட்டுக்கு அது உதவாது.

நேரத்துக்கு ஒரு எளிய கணக்கு: சமதளச் சரளையில் மணிக்கு 18 கி.மீ., அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். உங்கள் மூன்று நாள் திட்டத்தில் ஒரு நாளுக்கு 70 கி.மீ., 1,250 மீட்டர். அதாவது 3.9 + 2.1, ஆறு மணி நேரம் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பஞ்சர், தண்ணீர், சாப்பாடு, வழி பார்ப்பது என்று இரண்டு மணி நேரம் போகும். முடிக்கலாம். ஆனால் ஊர்களில் நிற்க நேரம் இருக்காது. நான்கு நாளாக்கினால் நாளுக்கு 52 கி.மீ., 925 மீட்டர், சுமார் நாலரை மணி நேர மிதி. பிற்பகல் முழுக்க ஊருக்கு மிஞ்சும்.

உங்களுக்கு நிஜமான சிக்கல் கியர்தான். அதைத் தனியாக எழுதுகிறேன்.

#3 · பல்சக்கரம்

உங்கள் மிகச்சிறிய கியர் முன்னால் 34 பல், பின்னால் 32, அதாவது விகிதம் 1.06. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8.3 கி.மீ. நீங்கள், சைக்கிள், பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைப்போம். 15 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்குப் புவியீர்ப்பை வெல்ல மட்டும் 300 வாட் வேண்டும், சரளையின் உருளுதடைக்கு இன்னும் 20. பந்தயப் பயிற்சி இல்லாதவருக்கு நாளில் சில முறைதான் இது வசப்படும்.

தார்ச் சாலையில் கியர் போதாவிட்டால் எழுந்து நின்று மிதித்துச் சமாளிப்போம். சரளையில் எழுந்தால் பின் சக்கரத்தின் மேலிருந்த எடை முன்னுக்குப் போகும், டயர் பிடி விட்டு வெறுமனே சுற்றும். ஆகவே உட்கார்ந்தபடியே ஏறத்தான் வேண்டும். இந்த ஒரு காரணத்தால் சரளைக்குத் தார்ச் சாலையைவிடச் சிறிய கியர் தேவை.

30/36 போட்டால் விகிதம் 0.83. அதே 60 சுற்றில் 6.6 கி.மீ. வேகம், தேவை சுமார் 255 வாட். ஒற்றைச் செயின்ரிங் (முன் பல்சக்கரம்) 40 பல், பின்னால் 10-51 என்றால் 0.78, சுமார் 240 வாட். இதற்குக் கீழே போனால் வேகம் 6 கி.மீ.க்கும் குறைந்து, தளர்ந்த கல்லில் சைக்கிளை நேராக வைப்பதே பெரும்பாடு. ஆகவே 0.75 முதல் 0.85 வரை போதும்.

உங்கள் சைக்கிளுக்குச் செலவு குறைந்த வழி, கேசட்டை 11-34 ஆக்குவது. ரோடு சைக்கிளின் பின் கியர் மாற்றி பெரும்பாலும் 34 வரைதான் தாங்கும், அதையும் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் விகிதம் 1.0தான். முன்னால் 46/30 கிராங்க் (பெடல் தண்டும் முன் பல்சக்கரங்களும்) மாட்டினால் 30/34, அதாவது 0.88. அதுதான் உருப்படியான மாற்றம். முன் கியர் மாற்றியைக் கீழே இறக்க வேண்டும், இறக்க இடம் இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

#4 · செம்மண்

மூன்று நாளா நாலு நாளா என்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இது ஒரே மண் இல்லை. சியெனாவுக்கு வடக்கே கியாந்தி கல் பூமி, தென்கிழக்கே க்ரேத்தே செனேசி களிமண் பூமி. டயர், காற்று, பிரேக், தண்ணீர், மழை வந்தால் என்ன செய்வது எல்லாமே இந்தக் கோட்டில் மாறும்.

கியாந்தியில் இரண்டு வகைக் கல். கலெஸ்த்ரோ என்று அவர்கள் சொல்வது ஏடு ஏடாக உதிரும் களிப்பாறை. அல்பெரேசே என்பது கெட்டியான சுண்ணாம்புக்கல். திராட்சைக்கொடிக்கு இரண்டும் சொர்க்கம், நீர் தேங்காது, வேர் ஆழமாக இறங்கும். டயருக்கு அல்பெரேசேதான் எதிரி. உடைந்த விளிம்பு கத்திபோல் இருக்கும், டயரின் நடுப்பகுதியை விட்டுப் பக்கச் சுவரைக் கிழிக்கும். ப்ரோலியோ, ராத்தா, வால்யாலி பக்கம் நிழல் உண்டு, காடு உண்டு, ஏற்றம் குறுகலாகவும் செங்குத்தாகவும் வரும்.

க்ரேத்தேயில் மரமே அபூர்வம். சாம்பல் நிறக் களிமண் மேடுகள், உழுத நிலம், தூரத்தில் தனியாக ஒரு சைப்ரஸ். காய்ந்திருக்கும்போது சாலை மேலே மாவு மாதிரி வெள்ளைத் தூசி, அடியில் சிமெண்ட் தளம்போல் இறுகல். மழை பெய்தால் அதே களிமண் பசையாகும். சக்கரம் நாலு சுற்று சுற்றுவதற்குள் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். அப்போதும் அழுத்தி மிதித்தால் சேறு பின் கியர் மாற்றியை உள்ளே இழுத்து ஹேங்கரை (கியர் மாற்றியைச் சட்டத்தோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு) முறித்துவிடும். மழை பெய்தால் 48 மணி நேரத்துக்கு க்ரேத்தே பக்கமே போகாதீர்கள்.

#5 · மலையேறி

செம்மண் அண்ணா, கடைசி வரி ரொம்பக் கடுமை. பராமரிப்பில் இருக்கும் வெள்ளைச் சாலைக்கும் வயல் தடத்துக்கும் வித்தியாசம் இருக்கு. கார் போகும் வெள்ளைச் சாலைகளில் மேலே சரளை கொட்டி உருளை ஓட்டியிருப்பாங்க. ஸ்த்ராதே பியாங்கே பந்தயம் 2018-இல் முழுக்கச் சேற்றில்தான் நடந்தது, எல்லோரும் ரோடு சைக்கிளில்தான் ஓட்டினாங்க. மழையில் அந்தச் சாலை அழுக்காகும், மெதுவாகும், ஆனா ஓட்டலாம். ஒட்டிப் பிடிப்பது வயல் ஓரத் தடங்களும், பொன்தெ தார்பியா, புவான்கொன்வெந்தோ பக்கம் போகும் ஃபிரான்சிஜேனா யாத்திரைப் பாதையின் மண் துண்டுகளும்தான். செயலி குறுக்குவழி என்று காட்டுவது பெரும்பாலும் இதைத்தான்.

மழை வந்தால் மாற்று வழி தயாராக இருக்கட்டும். சியெனாவிலிருந்து தாவேர்னே தார்பியா வழியா அஷானோவுக்கு லவுரெத்தானா தார்ச் சாலை போகுது. மேட்டின் முதுகிலேயே ஓடும், க்ரேத்தேயின் முழுக் காட்சியும் அதிலிருந்தே தெரியும். அதைத் தோல்வியா நினைக்காதீங்க, தொஸ்கானாவின் நல்ல சாலைகளில் ஒன்று அது.

#6 · செம்மண்

ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. 48 மணி நேரம் வயல் தடங்களுக்கு மட்டும். சரளை கொட்டிய சாலைக்கு மழை நின்றதும் சில மணி நேரம் போதும்.

ஆனால் இடைவெளி விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரு பக்கமும் மேலேயும் 6 மி.மீ. இருக்க வேண்டும். சட்டத்தில் 40 மி.மீ. டயர் இடிக்காமல் நுழைகிறது என்பதற்காக 40 போடாதீர்கள். ஈரக் களிமண்ணில் ஒட்டிக்கொண்ட ஒரு சிறு கல் போதும், கார்பன் சட்டத்தின் உட்பக்கத்தை அரம் போட்டதுபோல் தேய்த்துவிடும்.

#7 · காற்றழுத்தம்

டயர் பற்றி. 35 மி.மீ. டியூபுடன் முடியாதது இல்லை. ஆனால் டியூபைக் கல் கடிக்காமல் இருக்கக் காற்றை ஏற்ற வேண்டும், ஏற்றினால் அதிர்வும் வழுக்கலும் கூடும். உங்கள் எடைக்கு 35-இல் முன்னால் 42, பின்னால் 47 பிஎஸ்ஐ வைக்க வேண்டிவரும். 40 மி.மீ. டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத டயர்) என்றால் முன்னால் 30, பின்னால் 34 போதும். உடல் எடையும் பையும் பின் சக்கரத்தின் மேல் அதிகம் விழுவதால்தான் இந்த 4 பிஎஸ்ஐ வித்தியாசம். ரிம் கல்லில் ‘டங்’ என்று இடித்தால் 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். முன் சக்கரம் வளைவில் மிதந்தால் 2 இறக்குங்கள். ஒரு பம்பின் மானிக்கும் இன்னொன்றின் மானிக்கும் வித்தியாசம் இருக்கும், எனவே வீட்டில் எந்த மானியில் பார்த்தீர்களோ அதையே கொண்டுபோங்கள். கொக்கியில்லாத ரிம் என்றால் உச்ச வரம்பு 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐ. டயரைத் தட்டி உட்காரவைக்கும்போதும் அதைத் தாண்டக்கூடாது.

ட்ரெட் (டயரின் மேற்பரப்பு வடிவம்): நடுவில் கிட்டத்தட்ட வழவழப்பு, ஓரங்களில் சிறு குமிழ். நடுவிலும் பெரிய குமிழ் இருந்தால் தூரத்தில் பாதியான தார்ச் சாலையில் வீணாக உழைப்பீர்கள். களிமண் சேற்றில் அந்தக் குமிழும் அடைபட்டுப் பயனற்றுப் போகும்.

சீலண்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஒரு டயருக்கு 90 மி.லி. பழைய சீலண்டை நம்பாதீர்கள், வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும். பயணத்துக்கு ஒரு வாரம் முன் வால்வின் உள்ளாணியைக் கழற்றிக் குச்சி விட்டுப் பாருங்கள். ஈரம் தெரியவில்லை என்றால் புதிதாக ஊற்றுங்கள்.

கிழிந்தால் வரிசை இது. ஓட்டையைக் கீழ்ப்பக்கம் திருப்பி அரை நிமிடம் பொறுங்கள். அடையவில்லை என்றால் பிளக் (ஓட்டையில் செருகும் ரப்பர் துண்டு) குத்துங்கள். 5 மி.மீ.க்கு மேல் கிழிசல் என்றால் நேரத்தை வீணாக்காமல் டியூபுக்குப் போங்கள்: வால்வைக் கழற்றி, டயரின் உட்புறம் முழுக்க விரலால் தடவி முட்களை எடுத்துவிட வேண்டும். சீலண்ட் அடைத்துவைத்திருந்த பழைய முட்கள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், புது டியூப் அதில்தான் முதலில் மாட்டும். கிழிசலுக்கு உள்ளே பழைய டயரில் வெட்டிய 3 × 5 செ.மீ. துண்டை ஒட்டுப்போட்டு டியூபை வையுங்கள். இருவருக்கும் சேர்த்து டியூப் மூன்று, கைப்பம்பு ஒன்று, பிளக் எட்டு.

#8 · வெண்பாதை

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் என்று முடிவு. டியூப்லெஸ் 40 வாங்குகிறேன், சட்டத்தில் இடம் இருக்கிறது. கிராங்க்கை மாற்றப் பட்ஜெட் இடிக்கிறது. என் சைக்கிளே வேண்டாமென்று அங்கேயே ஒன்றை வாடகைக்கு எடுத்தால்?

இன்னொன்று: இறக்கங்கள் எவ்வளவு ஆபத்து? என்னுடன் வருபவருக்குச் சரளையில் அனுபவம் குறைவு.

#9 · பல்சக்கரம்

வாடகை நல்ல யோசனை. கடைக்கு எழுதும்போது “கிராவல் பைக் (சரளைச் சாலைக்கான சைக்கிள்) இருக்கிறதா” என்று மட்டும் கேட்காதீர்கள். ஆறு கேள்வி: மிகச்சிறிய முன் செயின்ரிங் எத்தனை பல்? மிகப்பெரிய பின் பல்சக்கரம் எத்தனை? டயர் அகலம்? உள்ளே டியூபா, சீலண்டா? உதிரி ஹேங்கர் கூடவே தருவார்களா? வழியில் பழுதானால் வந்து எடுப்பார்களா? முதல் இரண்டுக்கும் எண்ணில் பதில் சொல்லாத கடையில் எடுக்க வேண்டாம். பெடல், சேணம், ஜிபிஎஸ் கருவி உங்களுடையதைக் கொண்டுபோங்கள். சேண உயரத்தைப் பெடல் அச்சு நடுவிலிருந்து அல்லாமல் கிராங்க் அச்சு நடுவிலிருந்து அளந்து எழுதிவையுங்கள்.

#10 · செம்மண்

இறக்கம். பயப்பட வேண்டியது செங்குத்தை அல்ல, மூன்று விஷயங்களை.

முதலாவது, பலகை அலை. துணி துவைக்கும் பலகைபோல் குறுக்கே வரிவரியாக இருக்கும். கார்ச் சக்கரம் பிரேக் போடும் இடத்திலும் வேகம் எடுக்கும் இடத்திலும் உருவாவதால், வளைவுக்குச் சற்று முன்பும் செங்குத்து ஏற்றத்தின் அடியிலும்தான் அதிகம். அதாவது நீங்கள் பிரேக் போட நினைக்கும் இடத்திலேயே டயர் தரையில் பாதி நேரம் தொடாமல் துள்ளும். எனவே அலை தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, அலையின் மேல் பிரேக்கைத் தளர்த்தி உருளவிடுங்கள். சாலையின் ஓரத்தில் ஒரு கை அகலம் அலையில்லாமல் இருக்கும்.

இரண்டாவது, கோலிக்கல். வண்டித்தடம் இரண்டும் இறுகி வெளிறியிருக்கும், நடுவிலும் வளைவின் வெளிப்புறத்திலும் உதிரிக் கல் குவிந்திருக்கும். ஒரு தடத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். தடம் மாற வேண்டுமானால் நேரான பகுதியில், பிரேக் தொடாமல், மிதியை நிறுத்திக் கடக்க வேண்டும். பலர் விழுவது இந்த மாற்றத்தில்தான்.

மூன்றாவது, வெளிச்சம். பளீர் வெள்ளைச் சாலை திடீரென்று சைப்ரஸ் நிழலுக்குள் போகும். குளிர்க்கண்ணாடி கறுப்பாக இருந்தால் நிழலில் உள்ள குழி தெரியாது. வெளிர் கண்ணாடி போடுங்கள்.

கைப்பிடியின் கீழ்வளைவைப் பிடித்து, முழங்கை மடித்து, இடுப்பைச் சேணத்துக்குச் சற்றுப் பின்னே கொண்டுபோகச் சொல்லுங்கள். கைப்பிடியை இறுகப் பிடித்தால் பத்தே நிமிடத்தில் விரல் மரத்துப்போகும், பிரேக் இழுக்க வலு இருக்காது. அனுபவம் குறைந்தவர் முன்னால் போகட்டும், நீங்கள் 30 மீட்டர் பின்னால். தூசியும் வராது, அவரை அவசரப்படுத்துவதும் நேராது.

#11 · காற்றழுத்தம்

பிரேக் பேட் பற்றி ஒரு வரி. ரெசின் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் ஈரக் களிமண்ணில் ஒரே நாளில் தேய்ந்து போகலாம். மழை முன்னறிவிப்பு இருந்தால் உலோகப் பேட் போடுங்கள், அல்லது ஒரு ஜோடி உதிரி. தூசிக்குச் செயினில் மெழுகு அல்லது உலர் எண்ணெய். ஈர எண்ணெய் போட்டால் க்ரேத்தேயின் மாவு அதில் கலந்து அரைக்கும் பசையாகிவிடும்.

#12 · திராட்சைக்கொடி

இதுவரை இரும்பும் ரப்பரும் பேசினீர்கள், ஊரைப் பற்றியும் பேசுவோம்.

இந்தச் சாலைகள் தார் பூசாமல் மிஞ்சியது தற்செயல் அல்ல. இங்கே நிலக்கிழாருக்குப் பாதி விளைச்சல் தரும் மெத்சாத்ரியா என்ற வாரமுறை இருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் ஒரு பண்ணைவீடு, அதற்கு ஒரு சரளைச் சாலை. 1964-இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடுத்தது, குடியானவர்கள் நகரத்துக்குப் போனார்கள், சாலைகள் அப்படியே கிடந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தார் பூச ஆரம்பித்தபோது அவற்றைக் காக்கும் நோக்கோடு ஜான்கார்லோ ப்ரோச்சி 1997-இல் தொடங்கியதுதான் லெரோய்க்கா. முதல் ஆண்டு 92 பேர். அந்த நிகழ்வில் 1987-க்கு முந்தைய பழைய ரோடு சைக்கிள்தான் அனுமதி, கிராவல் பைக் கூடாது. ஆனால் பழுப்புப் பலகை நட்ட நிரந்தரத் தடம் ஆண்டு முழுக்க யாருக்கும் திறந்திருக்கிறது. நிகழ்வு அக்டோபர் முதல் ஞாயிறு. அந்த வாரம் காயோலேயைச் சுற்றித் தங்க இடம் தேடுவது வீண். நீங்கள் இரண்டாம் வாரம் போவது நல்லதாயிற்று.

ஊர்கள் மேட்டின் உச்சியில் இருப்பது காவலுக்காக. கியாந்தி பல நூற்றாண்டுகள் பிளோரன்சுக்கும் சியெனாவுக்கும் நடுவே எல்லை நிலம். 1260-இல் சியெனா பிளோரன்சைத் தோற்கடித்த மொந்தாபெர்த்தி போர்க்களம் உங்கள் தடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சைக்கிள்காரருக்கு இந்த வரலாற்றின் பொருள் ஒன்றுதான்: சாப்பாடு, தண்ணீர், படுக்கை எல்லாம் பெரும்பாலும் ஏற்றத்தின் முடிவில்தான். புவான்கொன்வெந்தோ 147 மீட்டர் உயரத்தில், மொந்தால்சீனோ 564-இல். மதியச் சாப்பாட்டை மொந்தால்சீனோவில் வைத்தால் 400 மீட்டருக்கு மேல் காலி வயிற்றில் ஏறுவீர்கள். புவான்கொன்வெந்தோவில் ஏதாவது வாங்கி வாயில் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

ப்ரோலியோ கோட்டை 1141 முதல் ரிக்காசோலி குடும்பத்தின் கையில். இத்தாலியின் பிரதமராகவும் இருந்த பெத்தீனோ ரிக்காசோலி 1872-இல் கியாந்தி ஒயினின் கலவையை வகுத்தது அங்கேதான். சாஞ்சியோவேசே திராட்சையை அடிப்படையாக வைத்தார். இன்றும் கியாந்தி கிளாசிக்கோ என்று பெயர் போட 80 சதவீதமாவது அது இருக்க வேண்டும். எல்லை வகுத்தது அதற்கும் முன்பே, 1716-இல் தொஸ்கானாவை ஆண்ட மூன்றாம் கோசிமோவின் ஆணை. கோட்டைக்குப் போகும் சைப்ரஸ் வரிசைச் சரளை ஏற்றம் காயோலேயிலிருந்து முதல் சோதனை. உடம்பு சூடேறும் முன் வருவதால் வேண்டுமென்றே மெதுவாக ஏறுங்கள்.

சுவைத்துப் பார்க்கும் கூடங்களில் ஒரு எச்சரிக்கை. இத்தாலியில் சைக்கிளும் வாகனம், ரத்தத்தில் மது லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு உங்களுக்கும் உண்டு. ஒயினை மாலையில், சைக்கிளை நிறுத்திய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் ஒன்று ஒன்றேகால் கிலோ கனக்கும், வாங்கினால் பண்ணையிலிருந்தே அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

#13 · மலையேறி

திராட்சைக்கொடி சொன்னதோட அறுவடையையும் சேர்த்துக்கோங்க. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் கியாந்தியில் திராட்சை பறிக்கும் காலம். பெட்டி ஏற்றிய டிராக்டர் குறுகலான சரளையில் திடீர்னு எதிரே வரும். இறங்கி ஓரமா நில்லுங்க, அவங்களுக்கு அது வேலை நேரம். கொடி வரிசைகளுக்கு நடுவே எக்காரணம் கொண்டும் ஓட்டாதீங்க.

பலகைகள். “திவியேத்தோ தி காச்சா” பார்த்து நிறையப் பேர் திரும்பிடறாங்க. அது வேட்டைக்குத் தடை, சைக்கிளுக்கு இல்லை. “ப்ரொப்ரியேத்தா ப்ரிவாத்தா” தனியார் நிலம், அங்கே திரும்பணும்.

வேட்டை செப்டம்பர் மூணாம் ஞாயிறு தொடங்கி ஜனவரி கடைசி வரை. செவ்வாயும் வெள்ளியும் நாடு முழுக்க வேட்டைக்கு விடுமுறை, 1992 சட்டத்திலேயே இருக்கு. முடிஞ்சா கியாந்திக் காட்டுப் பகுதியை அந்த நாட்களில் வையுங்க. மற்ற நாள் ஆரஞ்சோ மஞ்சளோ பளிச்சுனு மேல்சட்டை.

நாய்கள். க்ரேத்தேயில் ஆட்டு மந்தையோட பெரிய வெள்ளை நாய்கள் இருக்கும், மந்தையைக் காக்கறதுதான் அதுக்கு வேலை. வேகமா ஓட்டித் தப்பிக்கப் பார்த்தா துரத்தும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் பிடிச்சு, மந்தையை விட்டு விலகி மெதுவா நடங்க. மந்தை தாண்டினதும் அது திரும்பிப் போயிடும்.

தண்ணீர் ஆளுக்கு 750 மி.லி. பாட்டில் இரண்டு. கியாந்தியில் ஊருக்கு ஊர் குழாய் உண்டு, “நோன் பொத்தாபிலே” எழுதியிருந்தா குடிக்காதீங்க. அஷானோவில் இரண்டையும் நிரப்பாம மொந்தே சாந்தே மாரியே (அஷானோவுக்கு அடுத்து வரும் நீண்ட சரளைப் பகுதி) பக்கம் கிளம்பாதீங்க.

#14 · வெண்பாதை

அக்கா, நாங்கள் இருவரும் சைவம். சமாளிக்கலாமா? வழியில் உடம்புக்கு முடியாமல் போனால் ரயில் உண்டா?

#15 · மலையேறி

சைவம் சுலபம். பீச்சி என்ற தடிமனான நூடுல்ஸ் எல்லா ஊரிலும் கிடைக்கும், “அல்லாலியோனே” என்று கேட்டா பூண்டு தக்காளிச் சாறு. “ராகு” என்றால் இறைச்சி. ரிபொல்லீத்தா காய்கறி, அவரை, பழைய ரொட்டி போட்ட கெட்டிச் சூப். அதில் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பதுண்டு, கேட்டுக்கோங்க. பெகொரீனோ செம்மறியாட்டுப்பால் சீஸ், ரென்னெட் (விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள்) தவிர்ப்பவர்கள் கவனிக்கணும்.

தொஸ்கானா ரொட்டியில் உப்பே இருக்காது, அந்த ஊர் வழக்கம். வியர்த்து ஓட்டிட்டு ரொட்டி சாப்பிட்டு உப்பு கிடைச்சிருக்கும்னு நினைச்சா தசைப்பிடிப்பு வரலாம். லிட்டர் தண்ணீருக்கு 500 முதல் 700 மி.கி. சோடியம் கலந்துக்கோங்க, அல்லது வறுத்த உப்புக் கடலை வைச்சுக்கோங்க. மாவுச்சத்து மணிக்கு 60 கிராம்.

மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை சின்ன ஊர்க் கடைகள் சாத்தியிருக்கும். பன்னிரண்டரைக்குள் வாங்கிடணும்.

ரயில்: சியெனா, புவான்கொன்வெந்தோ, அஷானோ மூணிலும் நிலையம் உண்டு. காயோலேக்கும் ராத்தாவுக்கும் கிடையாது. மண்டல ரயிலில் அட்டவணையில் சைக்கிள் குறி இருக்கும் வண்டியில் மட்டும் ஏற்றலாம், சைக்கிளுக்குத் தனிச் சீட்டு. பேருந்தை நம்ப வேண்டாம். அவசரத்துக்கு 112.

#16 · பல்சக்கரம்

மொந்தே சாந்தே மாரியே பற்றி அக்கா சொன்னதால் எழுதுகிறேன். ஸ்த்ராதே பியாங்கே பந்தயத்தின் 11.5 கி.மீ. சரளைப் பகுதி அது, தடத்தின் இதயம் என்றே சொல்வேன். மூன்று முறை வென்ற ஃபாபியன் கான்செல்லாராவின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். செங்குத்து இறக்கங்கள் ஏற்றத்தில் போய் முட்டும், அவற்றின் அடியில்தான் அலையும் தளர்கல்லும். இறக்கத்தின் நடுவிலேயே சிறிய கியருக்கு மாற்றிவிடுங்கள். அடியில் போய் அழுத்தம் கொடுத்தபடி மாற்றினால் செயின் விழும். மேகமில்லாத நாளில் தெற்கே அமியாத்தா மலை, 1,738 மீட்டர், தெரியும். நிற்க வேண்டிய இடம் அது.

இதைக் காலையில் வைக்க அஷானோவில் இரவு தங்குங்கள். என் பிரிப்பு: முதல் இரவு முர்லோ, இரண்டாம் இரவு மொந்தால்சீனோ அல்லது தொர்ரெனியேரி, மூன்றாம் இரவு அஷானோ.

#17 · திராட்சைக்கொடி

அப்படியானால் மூன்றாம் நாள் பிற்பகல் மொந்தே ஒலிவேத்தோ மஜோரே மடம் போய் வாருங்கள், அஷானோவுக்குத் தெற்கே பக்கம்தான். 1313-இல் தொடங்கிய மடம், உள்முற்றத்தில் புனித பெனடிக்ட் வாழ்க்கையை சிஞ்ஞோரெல்லியும் சோதோமாவும் தீட்டிய சுவரோவியங்கள். நண்பகலில் மூடிவிடுவார்கள், பிற்பகல் திறப்பு நேரத்தைப் பார்த்துப் போங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சைக்கிள் கால்சட்டைக்கு மேல் போட ஒரு மெல்லிய பேண்ட் பையின் மேற்புறத்திலேயே இருக்கட்டும்.

சியெனாவுக்கு ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள். ஸ்த்ராதே பியாங்கே பந்தயத்தின் கடைசி ஏற்றமான சாந்தா கத்தரீனா தெரு 16 சதவீதம், கற்பலகை பாவியது. ஈரமாக இருந்தால் தள்ளிக்கொண்டு ஏறுங்கள். காம்போ சதுக்கத்தில் சைக்கிளை விட்டிறங்கி நடப்பது நல்லது. ரயில் நிலையம் நகரத்துக்குக் கீழே இருக்கிறது, மேலே போக நகரும் படிகள் உண்டு.

#18 · வெண்பாதை

நான்கு நாள், மூன்று இரவு, பல்சக்கரம் அண்ணா சொன்ன பிரிப்பே. வாடகைக் கடை பதில் வந்துவிட்டது: முன்னால் 40, பின்னால் 11-42, டயர் 38 மி.மீ., சீலண்ட் உண்டு, ஹேங்கர் பற்றிப் பதில் இல்லை. எடுக்கலாமா?

#19 · பல்சக்கரம்

40/42 என்றால் 0.95. உங்களுக்கு இன்னும் பெரியது. முன்னால் 36 பல் செயின்ரிங் மாட்டித் தருவார்களா என்று கேளுங்கள், பத்து நிமிட வேலை. 36/42 என்றால் 0.86, போதும். நான்கு பல் குறைவதால் செயினில் இரண்டு கண்ணி எடுக்க வேண்டுமா என்பதை அவர்களே பார்க்கட்டும். ஹேங்கருக்கு அந்தச் சைக்கிளின் தயாரிப்பும் ஆண்டும் கேட்டு, இங்கேயே ஒன்று வாங்கிப் போங்கள். நூற்றுக்கணக்கான வடிவம் இருக்கிறது, ராத்தாவில் போய்த் தேடினால் கிடைக்காது. வாங்கியதைக் கடையில் சைக்கிளை எடுக்கும்போதே பழையதன் பக்கத்தில் வைத்து, திருகுத் துளைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகு கிளம்புங்கள்.